அப்பாவின் சிடிகளுக்காக வாங்கிய பிளேயர்: இரண்டு வருடம் கழித்து

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய சிடி கிடக்கிறது. அப்பா தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகும்போதெல்லாம் வாங்கியவை. பாதி சினிமாப் பாட்டு, பாதி கச்சேரி. என் மடிக்கணினியில் சிடி போட இடமே கிடையாது. அதனால் சிடி, மெமரி கார்டு இரண்டும் பாடும் கையடக்க பிளேயர் ஒன்றை நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு வாங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய சிடிகள் கீறல் விழுந்தவை உட்பட முக்கால்வாசி பாடிவிட்டன. கச்சேரி கேட்பவர்களுக்கு சிடியிலேயே கேட்பது பெரிய விஷயம். ஆலாபனை முடிந்து தானம் என்ற அடுத்த பகுதி தொடங்கும் இடத்தில் அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். சிடியில் அது தெரியவே தெரியாது. அதையே எம்பி3 ஆக்கிக் கார்டில் போட்டேன், சரியாக அந்த இடத்தில் ஒரு விக்கல். எம்பி3 ஆக்கும்போதே ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது, அதை நீக்கிப் பாட இந்தக் கருவிக்குத் தெரியவில்லை. சினிமாப் பாட்டுக்கு இது ஒரு குறையே இல்லை.

ஒரே தட்டில் 150 பாட்டு என்று ஒரு காலத்தில் ரைட் செய்து வைத்துக்கொள்வோமே, அந்த 700 எம்பி சிடிகள்தான் காலை வாரின. சிலவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு 'தட்டு இல்லை' என்கிறது. பிளேயரைக் குறை சொல்ல முடியாது, அந்தத் தட்டுகளின் சாயப்பூச்சு வெளுத்துப்போகக்கூடியது.

கார்டு விஷயத்தில் ஒரு வாரம் வீணாயிற்று. 64 ஜிபி கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. 32 ஜிபி போட்டதும் உடனே பாடியது. பெரிய கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருகின்றன, இதற்கு ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டும்தான் படிக்கத் தெரியும். அப்புறம் வரிசை. பெயர்ப்படி பாடாமல், எந்த வரிசையில் நகலெடுத்தோமோ அப்படிப் பாடுகிறது. கார்டைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு ஆல்பமாக மறுபடி ஏற்றினேன். தமிழில் பெயர் வைத்திருந்தால் அவ்வளவுதான். "என்னடா இது, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு?" என்றார் அப்பா. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். தமிழ்ப் பாட்டுக்கு இந்த நிலைமை, என்ன செய்ய.

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து சிடி கேட்டால் பிரச்சினை இல்லை. நடந்தால் தாவும். அதிர்வுத் தடுப்பைப் போட்டால் பாட்டை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் தாவுவது நின்றுவிடும், ஆனால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். இன்னொன்று, ஏர்கான் அறையில் இரவெல்லாம் இருந்ததை அப்படியே வெளியே கொண்டுவந்து போடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் வேர்த்து, தட்டைப் படிக்காது. பழுதாகிவிட்டது என்று பயந்தேன், அரை மணி நேரத்தில் தானே சரியாயிற்று.

புளூடூத் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்க வேண்டியிருப்பதால் நான் விட்டுவிட்டேன்.

பெரிய குறை பேட்டரிதான். புதிதில் 12 மணி நேரம் வந்தது, இப்போது 5 தாண்டுவதில்லை. கழற்றி மாற்றும் வகையும் இல்லை. பழுது பார்ப்பவரிடம் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் புதிது வாங்கச் சொன்னார். அடுத்த முறை சாதா ஏஏ பேட்டரி போடும் மாதிரியைத்தான் தேடுவேன். அதுவரை சமையலறை மேசையில் சார்ஜர் வயரோடு கிடக்கிறது, அப்பா காலைக் கோப்பியோடு கச்சேரி கேட்கிறார்.