உப்புச் சதுப்பில் கொசுக் கட்டுப்பாடு: வடிகாலா, மீன் குட்டையா?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர உப்புச் சதுப்புகளில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றுப் புல்வெளிகளில், கொசுவைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்றோரைக் கொண்டு, கட்டம் போட்டதுபோல் வெட்டப்பட்ட நேர்வாய்க்கால்கள். 1938க்குள் மெய்ன் முதல் வர்ஜீனியா வரையிலான சதுப்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வாறு வெட்டப்பட்டுவிட்டது. நீரை வடித்தால் கொசு ஒழியும் என்று எண்ணினார்கள். ஆனால் அங்குள்ள உப்புச் சதுப்புக் கொசு தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஈரச் சேற்றில் இடுகிறது. அமாவாசை, பௌர்ணமியில் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறி நனைக்கும்போது முட்டைகள் பொரிகின்றன. நிலையான குட்டைகளை வற்றவைத்ததால், கொசுப் புழுக்களைத் தின்னும் மம்மிசாக் மீன்களும் நீர்ப்பறவைகளும்தான் இடமிழந்தன. வாய்க்காலோர மண்மேடுகளில் புதர் மண்டியது.

இரண்டாவது, 1960களின் பிற்பகுதியில் நியூ ஜெர்சியில் உருவான திறந்த சதுப்பு நீர் மேலாண்மை. கொசு உண்மையில் பெருகும் பள்ளங்களை மட்டும் கண்டறிந்து, அவற்றை ஆழமான குட்டைகளோடு சிறு வாய்க்கால்களால் இணைத்து, விரல் நீளமே உள்ள அந்த மீன்கள் புழுக்களைத் தேடிச் செல்ல இது வழிசெய்கிறது. தோண்டிய சேறும் மேடாகக் குவிக்கப்படாமல் மெல்லியதாகப் பரப்பப்படுகிறது. இதிலும் சதுப்பைத் தோண்டத்தான் வேண்டும் என்பது மறுக்க முடியாத குறை. இருப்பினும், பூச்சிக்கொல்லித் தெளிப்பின் தேவையைக் குறைத்து, மீனையும் காப்பாற்றும் இந்த வழியையே நான் தேர்வேன். கடல் மட்டம் உயர்ந்துவரும் இடங்களில் மட்டும், புதிதாகத் தோண்டுவதற்கு முன் பழைய வாய்க்கால்கள் நீரோட்டத்தை எங்கே கெடுத்துள்ளன என்று ஆராய்வது கட்டாயம்.