சேறு, பொழி, வறுத்த உருளைக்கிழங்கு: ஆறு வருட ஞாயிற்றுக்கிழமை நடை

இங்கிலாந்தில் ஒரு நடைக்குழுவோடு சேர்ந்து நடக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. "வயல்காட்டில் நடக்க ஒரு குழுவா?" என்று கேட்கிற நண்பர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் இருப்பது தென்மேற்கு லண்டனில். சைவம். குடிப்பழக்கம் இல்லை. பப்பில் போய் முடிகிற ஒரு காரியத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள். இருந்தும் மாதம் இரண்டு ஞாயிறாவது போய்விடுகிறேன்.

ஏற்பாடு எளிது. காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு ரயில் நிலைய வாசலில் கூடுவோம். பெரும்பாலும் லண்டனுக்குத் தெற்கே இருக்கும் சர்ரே குன்றுகள்தான். விம்பிள்டனில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பாக்ஸ் ஹில்லில் இறங்கிவிடலாம். பதினைந்து இருபது பேர் வருவார்கள். முன்னால் வழிகாட்டி, கடைசியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். 10, 12 கிலோமீட்டர் நடந்து, ஒன்றரை மணிக்கு பப்பில் உட்கார வேண்டும். வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. முந்தைய வாரமே தனியாக வந்து அதே பாதையை நடந்து பார்த்திருப்பார். நடைக்குக் கட்டணம் இல்லை. ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுக் காசும் அவரவர் பொறுப்பு.

முதல் மாதமே ஒரு கோதுமை வயல் வந்தது. பாதை அதன் நட்டநடுவில் குறுக்கே போகிறது. எனக்குக் கால் எழவில்லை. நான் கோவில்பட்டிப் பக்கம். அடுத்தவர் வெள்ளாமைக்குள் கால் வைத்தால் கிடைக்கிற ஏச்சு எனக்குத் தெரியும். பொழி, அதாவது வரப்பு, ஓரமாகவே சுற்றிப் போய்ப் பழகியவன், இங்கேயும் ஓரமாக ஒதுங்கினேன். வழிகாட்டி ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை போட்ட வரைபடத்தை விரித்து, வயலின் குறுக்கே போகும் பச்சைக் கோட்டைக் காட்டினார். நடுவில் போவது நம் உரிமை, ஓரமாகப் போனால்தான் அத்துமீறல் என்றார். உழுது விதைத்தாலும் பதினான்கு நாளுக்குள் அந்தப் பாதையைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு விவசாயி திரும்பப் போட்டுத் தர வேண்டும் என்பது சட்டம். இப்படிப் பொதுவழி உரிமை உள்ள பாதைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். நிலம் ஒருவருடையது, வழி எல்லோருடையது. இந்தக் கணக்கு என் மண்டையில் ஏற ஒரு வருடம் ஆனது.

எல்லாவற்றையும் நிலக்காரர்கள் மனம் உவந்து கொடுத்துவிடவும் இல்லை. எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் எங்களோடு வருகிறார், பிறந்தது மான்செஸ்டரில். எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தப் பக்கத்து மலையான கிண்டர் ஸ்கௌட்டில் கொண்டுவந்து முடிப்பார். வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த அந்த மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலையும் தரிசும் ஓரளவுக்குத் திறந்துவிடப்பட்டது 2000-ல் வந்த சட்டத்தால்தான். இந்தப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். ஆறு வருடமாகியும் எனக்கு நாக்கு புரளவில்லை, பெயர் வராத மாதிரி வாக்கியத்தை வளைத்துப் பேசிச் சமாளிக்கிறேன்.

சேற்றைப் பற்றி யாரும் சரியாக எச்சரிப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை இது நடை அல்ல, சேற்றோடு மல்லுக்கட்டு. குன்றின் மேல் சுண்ணாம்புப் பாறை, ஈரமானால் பாசி படிந்த குளத்துப் படி மாதிரி வழுக்கும். தெற்கே சரிவில் இறங்கிவிட்டால் களிமண். மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடிக்கு ஒரு கிலோ மண் காலோடு வரும். முதலில் வாங்கிய மலிவான ஷூ இரண்டாவது குளிர்காலத்தில் வாயைப் பிளந்துகொண்டது. அப்புறம்தான் கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ் வாங்கினேன். அரை அளவு பெரிதாக வாங்குங்கள், இறக்கத்தில் கட்டைவிரல் நகம் இடித்துக் கறுத்துப் போகாது. கோடையில் வேறு தொல்லை. தொட்டால் அரிக்கும் நம் செந்தட்டிச் செடிக்கு இங்கே ஓர் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரம் நிற்பான். அரைக்கால் சட்டை வேண்டாம்.

மாடுகள் விஷயத்தில் நான்தான் பாடம் படித்தேன். சின்ன வயதில் மாடு மேய்த்தவன் என்ற தெனாவட்டில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே நடந்தேன். கன்றுக்கும் தாய்க்கும் இடையில் போய்விட்டேன் என்பது அது தலையைத் தாழ்த்தியபோதுதான் தெரிந்தது. கயிறே பார்க்காத மாடு அது. வேலியைத் தாண்டிய வேகத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, பப். என் உறுதியான கருத்து: பப் நடையின் கடைசியில் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. இரண்டும் நடந்து பார்த்துவிட்டேன். நடுவில் சாப்பிட்டால், கனத்த வயிறும் குளிர்ந்துபோன காலுமாக மறுபடி பூட்ஸ் கயிற்றைக் கட்ட வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், மிச்சத்தை டார்ச் வெளிச்சத்தில் முடித்திருக்கிறோம். கடைசியில் இருந்தால் காலையிலிருந்தே கூட்டத்துக்கு ஓர் இழுப்பு இருக்கும். எத்தனையாவது மேட்டில் மூச்சு வாங்கினாலும் ஒன்றரை மணி மேஜை காத்திருக்கிறது என்று கால் தானாக நடக்கும். அந்த மேஜைக்கு எல்லாரும் என்ன சாப்பிடுவோம் என்பதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இருபது பேர் திடீரென்று நுழைந்தால் கிராமத்துச் சமையலறை தாங்காது.

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே போகலாம், அல்லது பூட்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளலாம். செருப்பை வெளியே விட்டு உள்ளே போவது நமக்குப் புதிதா என்ன? குளிர்காலத்தில் அடுப்பில் விறகு எரியும். எல்லார் சாக்ஸிலிருந்தும் ஆவி கிளம்பும். வாசனையை விவரிக்கப் போவதில்லை.

ஞாயிறு ரோஸ்ட் என்பது சுட்ட இறைச்சியோடு கிழங்கும் காய்கறியும் வைத்துத் தரும் மதியச் சாப்பாடு. சைவக்காரர்களுக்கு அதில் வழக்கமாகக் கிடைப்பது நட் ரோஸ்ட். முந்திரி மாதிரியான கொட்டை வகைகளை அரைத்து ரொட்டி மாதிரி சுட்ட துண்டு. சில பப்பில் அருமை, பல பப்பில் மரத்தூள். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது கூட வருகிற வறுத்த உருளைக்கிழங்கைத்தான். வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. இரண்டு வருடம் ஆசையாகச் சாப்பிட்டேன். ஒருநாள் ஒரு பப்பில் அந்த மொறுமொறுப்பைப் பாராட்டினேன். பரிமாறிய பெண் பெருமையாகச் சொன்னாள், "மாட்டுக் கொழுப்பில் வறுப்பதுதான் ரகசியம்." தட்டில் பாதி காலி. பட்டியலில் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் சைவம் என்ற பச்சைக் குறி போட்டிருந்தார்கள். மேலாளரிடம் கேட்டேன். நட் ரோஸ்ட்டுக்குத்தான் அந்தக் குறி, கிழங்குக்கு இல்லை என்றார். பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அந்த பப்புக்கு அப்புறம் போகவில்லை. விசாரித்ததில், மாட்டுக் கொழுப்போ வாத்துக் கொழுப்போ இந்தச் சமையலில் பழைய வழக்கம், யார்க்‌ஷர் புட்டிங் என்ற உப்பலான மாவுப் பண்டமும் அப்படித்தான், மேலே ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்வது. அதனால் சைவமா என்று மட்டும் கேட்டால் போதாது, கிழங்கு எதில் வறுபடுகிறது என்றே கேளுங்கள். பீப்பாயில் வரும் சில வகை பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்பதும் அந்த விசாரணையில் கிடைத்த உபரித் தகவல், என்னைப் பாதிக்காது.

குடிக்காதவனுக்குச் சங்கடம் ஏதும் இல்லை. சோடாவில் எலுமிச்சை சிரப் ஊற்றித் தருவார்கள், மலிவு. யாரும் வற்புறுத்துவதில்லை. காசு விஷயத்தில்தான் பழக நாளானது. ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் சாப்பாட்டுக்கும் சேர்த்து நானே கொடுத்துவிட்டேன், நம் ஊர் வழக்கப்படி. அவர் முகம் சிவந்து, அடுத்த வாரம் உறையில் போட்டுச் சரியாக 21 பவுண்டைக் கொண்டுவந்து நீட்டினார். குடிபானத்தை முறைவைத்து ஆளுக்கு ஒரு தடவை எல்லாருக்கும் வாங்கலாம், சாப்பாடு அவரவர் கணக்கு.

குறைகளும் உண்டு. ஞாயிறன்று தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள், நடைக்கு ஆகிற நேரத்தைவிடப் பயணம் நீளும். குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். இளவட்டங்கள் இரண்டு நடைக்கு மேல் தங்குவதில்லை. பெரும்பாலான நாள் கறுத்த தோல் என்னுடையது மட்டும்தான். கிராமத்து பப்பில் நுழையும்போது சில தலைகள் திரும்பும். சேற்றைப் பார்த்ததும் நானும் நடைக்காரன் என்று தெரிந்து திரும்பிக்கொள்ளும்.

என்னை இழுத்து வைத்திருப்பது பேச்சு. என் தெருவில் ஒன்பது வருடமாகத் தலையாட்டலோடு நிற்கிற அண்டை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். நடையில் அதே ரகத்து ஆட்கள் மூன்றாவது கிலோமீட்டரில் மனைவி இறந்த கதையைச் சொல்கிறார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பாதையைப் பார்த்தபடி சொல்லலாம், வேலிப்படி வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். பழனிக்குப் பாதயாத்திரை போனபோதும் இப்படித்தான் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அங்கே வழியெல்லாம் சாப்பாடு கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதம் முதல் முறையாக நான் வழிகாட்டுகிறேன். மோல் ஆற்றின் குறுக்கே மிதித்துக் கடக்கப் போட்ட கற்களைத் தாண்டி பாக்ஸ் ஹில் ஏறி, மறுபக்கம் இறங்குகிற பாதை. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கற்கள் மூழ்கிவிடும், அப்போது பக்கத்தில் இருக்கிற நடைபாலம். போன ஞாயிறு தனியாக நடந்து பார்த்துவிட்டு வந்தேன். பப்புக்குத் தொலைபேசியில் பேசினேன். எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்பதற்கு முன்பே, உருளைக்கிழங்கை எதில் வறுக்கிறீர்கள் என்று கேட்டேன். சூரியகாந்தி எண்ணெயில் என்றார். பதினாறு பேருக்குச் சொல்லி வைத்தேன்.