டெங்கு: லயத்தில் எதுவரை, ஆஸ்பத்திரிக்கு எப்போது?

மலையகத்தில் காய்ச்சல்காரருக்கு நான்கு வழி உண்டு: லயத்திலேயே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலேயே) வைத்துப் பார்ப்பது, தோட்ட டிஸ்பென்சரி, டவுன் டாக்டரும் பக்கத்து லேபும், அரச ஆஸ்பத்திரி. டெங்கு என்று வந்துவிட்டால் எதைத் தேர்வது என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்யும். இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்? நடு இரவில் நிலைமை மோசமானால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்க எத்தனை மணி நேரமாகும்?

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு) 1,30,000 உள்ள ஒருவர் கண்டி டவுனில் இருந்தால், தினம் இரண்டு முறை இரத்தம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். அதே எண்ணிக்கையோடு மேல் டிவிஷன் லயத்தில், மழைக்கு லொறி ஏறாத பாதையில் இருப்பவரை வீட்டில் வைத்திருப்பது சரியல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூரமாக, நிச்சயமான வாகன வசதி இல்லாமல் இருப்பவர்களை முன்கூட்டியே அனுமதிக்கலாம் என்று சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியும் சொல்கிறது. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சீனி வருத்தக்காரர், உடல் பருமன் மிக்கவர் ஆகியோருக்கு இந்த ஒப்பீடே வேண்டாம். காய்ச்சல் தொடங்கிய உடனேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லயம்

முதல் மூன்று நாளைக்கு வீடு போதும், அளந்து கொடுக்க ஒருவர் இருந்தால். 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நாளொன்றுக்கு 2500 மி.லி. நீராகாரம், அதற்குக் குறைந்தால் கிலோவுக்கு 50 மி.லி. கொழுந்து எடுக்கும் பெண்களில் பலர் 40 கிலோதான். அவர்களுக்கு 2000 மி.லி., அதாவது 200 மி.லி. டம்ளரில் பத்து. இதில் பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் உப்புச் சத்து சேராது. கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்), சூப் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஜீவனிப் பக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். அரைப் பக்கெட்டைக் கண்ணளவில் கரைப்பது பிழை. சிவப்புச் சோடா, பீட்ரூட் சாறு, சாயத்தண்ணி மூன்றையும் நிறுத்துங்கள். வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த நிறமா என்று டாக்டரால் பிரிக்க முடியாமல் போகும்.

பனடோல் 500 மி.கி. பெரியவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. 40 கிலோக்காரருக்கு ஒரு முறைக்கு ஒன்றே போதும். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று போடுவது ஈரலைத்தான் தாக்கும். நெற்றியையும் உடம்பையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்து விடுங்கள். டைக்ளோபெனக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கசப்பில் வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் போனதுதான் மிச்சமாகும்.

லயத்தில் சுவர் ஒன்று, காம்பரா (அறை) பல. காய்ச்சல் நாட்களில் நோயாளியைக் கடிக்கும் நுளம்பு அடுத்த காம்பராவுக்கும் நோயைக் கொண்டுபோகும். பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும்.

வீட்டின் பலவீனம் நான்காம், ஐந்தாம் நாளில் தெரியும். காய்ச்சல் இறங்குகிறது, ஆள் எழுந்து உட்காருகிறார், நாளைக்குப் பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போகலாமா என்று கேட்கிறார். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கை கால் குளிர்தல், முரசில் இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தோட்ட டிஸ்பென்சரி

இங்கே பெரும்பாலும் இரத்தம் பார்க்க முடியாது. அதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம். நிறை பார்க்கும் தராசு, பிரஷர் கருவி, லீவுத் துண்டு, தோட்ட வாகனத்துக்கு ஒரு வார்த்தை எல்லாம் இங்கேதான் கிடைக்கும். பிரஷரைக் குறித்துக் கொடுக்கும்போது மேல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. 110/90 என்றால் கேட்பவருக்கு நல்ல பிரஷராகத் தோன்றும், ஆனால் இடைவெளி 20தான். அது அதிர்ச்சி நிலையின், அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் ஆபத்தின், தொடக்கம். அந்த நிலையிலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார் என்பதால் பார்ப்பவர் ஏமாந்து போகிறார். உடம்பு வலிக்கு ஊசி போடச் சொல்லி டிஸ்பென்சரை நெருக்கவும் வேண்டாம்.

டவுன் டாக்டரும் லேபும்

இந்த வழியின் பலம் வேகம். காலையில் இரத்தம் கொடுத்தால் அன்றே எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட் வரும். மூன்றாம் நாளிலாவது முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். பிளேட்லெட் 1,50,000க்குக் குறைந்தால் தினம் இரண்டு முறை, ஒரு இலட்சத்துக்குக் குறைந்தால் ஆஸ்பத்திரி. ஒரே லேபில் எடுப்பது நல்லது, இயந்திரத்துக்கு இயந்திரம் எண்ணிக்கை வேறுபடும். என்.எஸ்.1 என்ற டெங்குப் பரிசோதனை முதல் சில நாட்களில்தான் உதவும். அது நெகட்டிவ் என்றாலும் டெங்கு இல்லை என்று முடிவாகாது.

பிளேட்லெட்டைவிட ரிப்போர்ட்டில் இன்னொரு வரி முக்கியம்: பி.சி.வி. எனப்படும் ஹிமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம். அது தன் வழக்கமான அளவிலிருந்து 20 வீதம் ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம். வழக்கமாக 32 இருப்பவருக்கு 39 என்று வந்தால் ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் “நோர்மல்தானே” என்பார். அவருக்கு அது ஏறிய அளவு. ஆரம்ப நாளில் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் இது பிடிபடும்.

இந்த வழி தவறும் இடமும் தெரிந்ததே. மாலையில் ரிப்போர்ட் வரும்போது டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார், காகிதம் காலை வரை பையில் கிடக்கும். இன்னொன்று, சோர்வுக்கு ‘ஒரு போத்தல் சேலைன்’. வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது தேவையில்லை. கணக்கில்லாமல் ஏற்றிய நீர் கசிவு நேரத்தில் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் தேங்கி மூச்சை அடைக்கும்.

பிரதேச வைத்தியசாலையா, பெரியாஸ்பத்திரியா?

கிட்ட இருக்கும் பிரதேச வைத்தியசாலையைத் தாண்டி நேரே கண்டிக்கு ஓடுவது மலையகத்துப் பழக்கம். ஹட்டனிலிருந்து கண்டிக்கு வளைவுப் பாதையில் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. கசிவு நேரத்தில் யாரும் அளக்காமல் போகும் அந்த இரண்டு மணித்தியாலம் ஆபத்தானது. மறுபக்கம், இரவில் பி.சி.வி. பார்க்க முடியாத வார்டில் வைத்துக்கொண்டிருப்பதும் சரியல்ல. ஆகவே அனுமதிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இரவிலும் பி.சி.வி. பார்ப்பீர்களா, டாக்டர் தங்கியிருக்கிறாரா, மாற்றினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில்? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் காய்ச்சல் கட்டத்தில் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பிளேட்லெட் ஒரு இலட்சத்தைத் தொடும் முன்பே டிக்கோயா, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுவது பாதுகாப்பு.

பெரிய வார்டில் வேலையே அளவுதான். 50 கிலோக்காரருக்குக் கசிவு காலம் முழுவதற்கும், 48 மணித்தியாலத்துக்கு, குடிப்பதும் சேலைனும் சேர்த்து 4600 மி.லி. என்று கணக்கு வைத்து, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி.யாவது வருகிறதா என்று பார்த்துப் பார்த்து விடுவார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் அன்போடு இரண்டு செவ்விளநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு நர்ஸிடம் சொல்லாமல் போனால் அந்தக் கணக்குக் குழம்பிவிடும். வீட்டில் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்த பழக்கத்தை வார்டு வாசலில் விட்டுவிட வேண்டும். பிளேட்லெட் ஏற்றவில்லையே என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம். இரத்தம் போகாதவருக்கு எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் அதை ஏற்றுவதில்லை.

நுவரெலியா போன்ற குளிரிடத்தில் டெங்கு குறைவு என்பதால் டாக்டரின் நினைவுக்கு அது முதலில் வராமல் போகலாம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கொழும்பிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், எங்கிருந்து எப்போது வந்தது என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது

1990 அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், கிட்ட உள்ள கோயில் அல்லது ஸ்டோர், வண்டி திரும்பக்கூடிய இடம் மூன்றையும் சொல்லுங்கள். மேல் லயத்திலிருந்து நோயாளியை நடக்க விடாமல், படுத்தபடி தூக்கி வந்து பாதை ஓரத்தில் தயாராக இருங்கள். கையில் ஒற்றைத் தாள்: காய்ச்சல் தொடங்கிய திகதி, நேரம், நிறை, ஒவ்வொரு எஃப்.பி.சி.யும் எடுத்த நேரம், கடைசிப் பனடோல், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், இன்று குடித்த டம்ளர் கணக்கு. ரிப்போர்ட்டுகளை அதோடு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள், மழையில் மை கரைந்தால் வாசிக்க முடியாது.