எல்எம்6182-க்கு மாற்று: எல்டி1229, ஏடி812, டிஎச்எஸ்3062 மூன்றில் எது?

எல்எம்6182 என்பது ஒரே உறையில் இரண்டு கரண்ட் ஃபீட்பேக் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்). பழைய போர்டில் அது போய்விட்டால் புதிதாக வாங்க வழியில்லை, உற்பத்தி நின்றுவிட்டது. அவசரத்தில் எல்எம்6172 வாங்கிவிடாதீர்கள். பெயரில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், எட்டுக் கால் வரிசையும் ஒன்றே. ஆனால் அது வோல்டேஜ் ஃபீட்பேக், கெயின் (பெருக்கும் மடங்கு) ஏற ஏற வேகம் குறையும் வகை. கெயின் 10 வைத்த இடத்தில் அதன் 100 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித், 10-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ±15 வோல்ட் தாங்குமா என்பது. இன்னொரு இரட்டை கரண்ட் ஃபீட்பேக் சிப்பான ஏடி8002-இன் 600 மெகாஹெர்ட்ஸ் ஆசை காட்டும். மொத்த சப்ளை வரம்போ 13.2 வோல்ட். 30 வோல்ட் கொடுத்தால் சிப் காலி.

டிப் (துளையில் செருகும் கால்கள் உள்ள உறை) சாக்கெட்டில் அப்படியே உட்காருவது எல்டி1229. 100 மெகாஹெர்ட்ஸ், அவுட்புட் ஏறும் வேகம் மைக்ரோசெகண்டுக்கு 1000 வோல்ட், சாதுவான சிப். ஏடி812 இன்னும் வேகம்: 145 மெகாஹெர்ட்ஸ், மைக்ரோசெகண்டுக்கு 1600 வோல்ட். இரண்டுக்கும் ஒரே குறை, கரண்ட். எல்டி1229 உறுதி தருவது 30 மில்லி ஆம்பியர், ஏடி812 சுமார் 50. அவுட்புட்டில் 75 ஓம், கேபிள் முனையில் இன்னொரு 75 என்றால் லோடு 150 ஓம். 2 வோல்ட் பீக்குக்கு 13 மில்லி ஆம்பியர், இரண்டுமே தாராளம். 10 வோல்ட் பீக் கேட்டால் 67. அலையின் தலை வெட்டப்படும்.

அந்த வேலைக்கு 145 மில்லி ஆம்பியர் தரும் டிஎச்எஸ்3062-தான் சரி. டிப் கிடையாது, அடாப்டர் வேண்டும். சும்மா இருக்கும்போதே 8.3 × 2 மில்லி ஆம்பியர், 30 வோல்ட்டில் அரை வாட். அடியில் உலோகத் தகடு உள்ள வகையை வாங்கி, தகட்டைச் செம்புப் பரப்பில் சாலிடர் செய்யுங்கள்.

அடாப்டரில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். 2, 6-ஆம் கால்கள் இன்வெர்ட்டிங் இன்புட். அங்கே ஒன்றிரண்டு பிக்கோஃபாரட் கூடினாலே அலை துள்ளும். அவற்றின் அடியில் கிரவுண்ட் செம்பு வேண்டாம். ஃபீட்பேக் ரெசிஸ்டரை அடாப்டர் மேலேயே 1-2, 7-6 கால்களுக்கு நடுவே வையுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சப்ளைக் கால்களை ஒட்டியே இருக்கட்டும்.

ஃபீட்பேக் ரெசிஸ்டர் போர்டில் 820 ஓம் இருந்தால் மாற்றத் தேவையில்லை. பேண்ட்வித் கொஞ்சம் குறையும், ஆசிலேட் ஆகாது. வேகம் வேண்டுமானால் கெயின் 2-க்கு ஏடி812-இல் 715, டிஎச்எஸ்3062-இல் 560. கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரையும் அதே மதிப்புக்கு மாற்றுங்கள். பஃபராக இருந்தாலும் அவுட்புட்டை இன்வெர்ட்டிங் காலோடு நேராக ஒயரால் இணைக்கக் கூடாது, ரெசிஸ்டர் கட்டாயம். அதற்குக் குறுக்கே கெப்பாசிட்டர் கண்டால் கழற்றிவிடுங்கள்.

மலிவாக வரும் டிப் சிப்களில் மறு அச்சு சரக்கு (வேறு சிப் மேல் இந்தப் பெயரை அச்சிட்டது) உண்டு. கெயின் 2-இல் இரண்டு ரெசிஸ்டரையும் 750-லிருந்து 1500 ஓம் ஆக்குங்கள். அசல் என்றால் பேண்ட்வித் ஏறக்குறைய பாதியாகும். இன்னொரு சோதனை, அவுட்புட்டில் சட்டென ஏறும் 10 வோல்ட் படி (ஸ்டெப்): எல்டி1229 சுமார் 10 நானோசெகண்டில் ஏறும், ஸ்கோப்பில் ஒரு மைக்ரோசெகண்ட் சரிவு தெரிந்தால் உள்ளே இருப்பது என்ஈ5532 மாதிரி ஏதோ ஆடியோ சிப்.