இலக்கு நிறை: உயரத்தைப் பார்ப்பதா, சதவீதத்தைப் பார்ப்பதா?

ஹட்டன் பக்கம் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்பவர்களுக்கு, எத்தனை கிலோவுக்கு இறங்க வேண்டும் என்பதில்தான் பெருங்குழப்பம். உயரத்துக்குரிய உடற்திணிவுச் சுட்டியை (BMI: கிலோவிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) இலக்காக்கலாம். இப்போதைய நிறையில் 5 முதல் 10 சதவீதத்தைக் குறைப்பதையும் இலக்காக்கலாம். 158 சென்ரிமீற்றர் உயரமும் 74 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணை வைத்து இரண்டையும் பார்ப்போம்.

இலக்கு: சுட்டி 23ஐத் தாண்டினால் ஆசியர்களுக்கு ஆபத்துக் கூடுகிறது என்பதால், முதல் வழியில் ஏறத்தாழ 57 கிலோ.
சதவீத வழியில் 67 முதல் 70 கிலோ.

காலம்: வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலும் முதலாவதற்கு எட்டு மாதங்கள்.
இரண்டாவதற்கு இரண்டு முதல் நான்கு மாதங்கள்.

பயன்: சுட்டி தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது, கொழுந்துக் கூடையைச் சுமந்து ஆண்டுக்கணக்காக மலையேறியவரின் கால்தசையையும் அது கொழுப்போடு சேர்த்தே எண்ணிவிடும்.
5 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சீனி அளவும் இறங்கத் தொடங்கும். காலையில் மூன்று கோதுமை ரொட்டியை இரண்டாக்கி, ஒவ்வொரு தேநீரிலும் ஒரு கரண்டி சீனியைக் குறைத்து இதைத் தொடங்கிவிடலாம்.

நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குச் சதவீத வழியையே உறுதியாகச் சொல்வேன். இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயில்லாமல் சில கிலோ மட்டும் கூடியிருப்பவருக்குச் சுட்டி போதும். எவ்வழியானாலும் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள்: பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது.