பத்து மாதமாகக் கத்தும் பெட்டி

பண்டாரவளையில் பஸ் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "பஸ்ஸில் பூட்டும் அந்தக் கமராப் பெட்டியின் விலை இறங்கிவிட்டதாமே, வாங்கலாமா?" இறங்கியது உண்மைதான். நான் இரண்டு பெட்டிக்குக் கொடுத்த காசில் இன்று மூன்று வாங்கலாம். அந்த வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் மூன்று பஸ்கள். நுவரெலியாவில் இருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்த ஓட்டம். 2025 மே 11 அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பஸ்கள் நாளும் போய்வரும் பாதை அது. எங்களுக்கு ஓட்டம் தரும் பயண நிறுவனம் அடுத்த மாதமே கடிதம் அனுப்பியது: பாதுகாப்புத் தணிக்கை நடக்கும், தேறினால்தான் ஒப்பந்தம் நீடிக்கும். மறுத்துப் பேச வாயில்லை.

காகித வேலை அரை நாளில் முடிந்தது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்று, சாரதிகளின் அனுமதிப்பத்திரப் பிரதிகள் எல்லாம் ஒரு கோப்பில் அடங்கின. காலாவதியான தீயணைப்புக் கருவிகளை மாற்றினேன். அவசரக் கதவை மறித்துப் போட்டிருந்த ஓர் ஆசனத்தைக் கழற்றினேன். அதை அங்கே போடச் சொன்னவனும் நான்தான். அது வேறு வெட்கம்.

மிஞ்சியது பெட்டி. முன்னால் ஒரு கமரா, சாரதியைப் பார்த்து ஒரு கமரா, ஜீபீஎஸ், கைபேசியில் பார்க்கச் செயலி. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. விளம்பரத்தில் இல்லாதது அதன் வாய்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் இறங்கிப் போகும் கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. இடையில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரம். அத்தனை உயரத்தையும் பாதை வளைந்து வளைந்துதான் இறங்குகிறது. பெட்டிக்கோ வளைவு என்றாலே குற்றம். லபுக்கலையில் தொடங்கும். முதலில் ஒரு மணி, பிறகு கவனமாக ஓட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். அடுத்த வளைவில் மறுபடியும் மணி, மறுபடியும் குரல். இறம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சற்று ஓய்வு கிடைக்கும். அதன் நீளமோ 225 மீற்றர்தான். முதல் நாள் என் கைபேசிக்கு வந்த எச்சரிக்கைகள் 143. முன் ஆசனத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா, சாரதிக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று வழிகாட்டியிடம் கேட்டாராம். சாரதி மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி பூட்டியவர்களை அழைத்தேன். கூடுதல், நடுத்தரம், குறைவு என்று உணர்திறனுக்கு மூன்று நிலைகள் உண்டு, மாற்றித் தருகிறோம் என்றார்கள். குறைவில் வைத்துப் பார்த்தோம். தவலந்தென்னையில் குறுக்கே பாய்ந்த நாய்க்காகச் சாரதி பிரேக்கை முழுதாக மிதித்தார்; பின் ஆசனத்துப் பைகள் முன்னால் வந்து விழுந்தன; பெட்டி மூச்சுவிடவில்லை. நடுத்தரத்தில் வைத்தால் பழைய கச்சேரி. சமதரையில் ஓட்டிப் பார்த்து அளவு வைத்த சாமானுக்கு எங்கள் பாதை பிடிபடவே இல்லை.

எங்கள் மூத்த சாரதி அண்ணன் தீர்வு கண்டார். ஒலிபெருக்கி ஓட்டையின் மேல் பஞ்சு வைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டிவிட்டார். தோல் நிறத்தில், ஓரம் கொஞ்சம் அழுக்கேறி, அது இன்றும் இருக்கிறது.

தணிக்கைக்கு வந்தவர் இளைஞர். டயர்களைத் தட்டிப் பார்த்தார், பஸ்ஸின் அடியில் படுத்து காற்றுக் குழாய்களைப் பார்த்தார். பிளாஸ்டரையும் பார்த்தார், சிரித்தார், எழுதிக்கொண்டார். பிறகு செயலியைத் திறந்து என்னிடம் கேட்டார்: "இந்த எச்சரிக்கைகளுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், ஐயா?"

எடுக்கவில்லை. யார் எடுப்பார்கள்? பெட்டி இல்லாத காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. காசு கொடுத்து என் மேலேயே குற்றப்பத்திரிகை எழுத ஒரு குமாஸ்தாவை நியமித்தது போல ஆயிற்று. கையில் பதிவு இருந்தும் பார்க்காமல் விட்டால், பதிவே இல்லாததை விட அது மோசம் என்றார் அந்தத் தம்பி. கோபம் வந்தது. ஆனால் பேச்சில் பிழை இல்லை. எச்சரிக்கைகளைத் தரம் பிரித்து விளக்கம் எழுதித் தர இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தேன். வளைவு, வளைவு, வளைவு. மூன்றாம் இரவு, லபுக்கலைக்குக் கீழே சற்று நேராக ஓடும் துண்டில், எச்சரிக்கையே இல்லாத சில நிமிடங்கள் கிடைத்தன. நல்ல ஓட்டத்துக்குச் சாட்சியாக இதையே காட்டலாம் என்று திரும்பப் போட்டேன். அப்போதுதான் காதில் பட்டது. இறக்கத்தில் கியரில் பிடித்து வரும் எஞ்சின் கனத்து இரையும். இங்கே அது தரிப்பிடத்தில் நிற்பது போல டுக் டுக் என்றிருந்தது. காற்றின் இரைச்சல் கேட்கிறது, பிரேக்கின் புஸ் என்ற ஓசை அடிக்கடி கேட்கிறது, எஞ்சினின் உழைப்பு மட்டும் கேட்கவில்லை. நான்கு தரம் கேட்டேன். நியூட்ரல். எந்தக் கியரிலும் இல்லாமல் பஸ் தானாக உருண்டு வருகிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏறிய கியரில் இறங்கு என்பது மலைச் சாரதிகளின் அரிச்சுவடி. கியரில் இருந்தால் எஞ்சினே பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும், புகைக் குழாயை அடைத்து எஞ்சினின் பிடியைக் கூட்டும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் வேலை செய்யும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் சில்லு பிரேக்கின் தலையில். சில்லோடு சுழலும் டிரம் சூடேறச் சூடேற, அதை உரசிப் பிடிக்கும் லைனரின் பிடி தளரும். அடிக்கடி மிதிப்பதால் பிரேக்கை இயக்கும் காற்றும் செலவாகும். காற்றை நிரப்பும் கொம்பிரசர் எஞ்சினோடு சுழல்வது. மெதுவாகச் சுழலும் எஞ்சினோடு அதுவும் மெதுவாகத்தான் நிரப்பும். சூடான பிரேக்கும் குறைந்த காற்றும் ஒரே வளைவில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

143 தரம் கத்திய பெட்டி அந்த நிமிடங்களில் வாய் திறக்கவில்லை. பஸ் திரும்பவில்லை, குலுங்கவில்லை, வேகமும் வரம்புக்குள். அதன் கணக்கில் அது மிகச் சிறந்த ஓட்டம்.

மறுநாள் காலை கராஜில் அண்ணனை உட்காரவைத்துப் பதிவைக் கேட்கச் செய்தேன். தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, மிச்சம் பிடிக்கும் டீசல் காசு என்னுடையது என்று சொன்னது நீங்கள்தானே?"

சொன்னேன். ஐந்து வருடங்களுக்கு முன்னால், பெரிய மனது காட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஓட்டத்துக்கு இவ்வளவு டீசல், மிஞ்சினால் சாரதிக்கு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிஞ்சும் என்று சாரதி நினைப்பார் என ஒரு நாளும் யோசிக்கவில்லை. அன்றே அதை நிறுத்தி, மிச்சமாக அவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்து வந்த தொகையை ஓட்டப்படியோடு சேர்த்துவிட்டேன். போன மாதம் சில்லைக் கழற்றிய மெக்கானிக், வழக்கமாக இந்தத் தவணையில் லைனர் மாற்றுவோமே, இன்னும் தடிப்பு இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். தணிக்கையாளருக்குக் கொடுத்த விளக்கத்தில் டீசல் மிச்சக் காசை நிறுத்தியதையும் எழுதியிருந்தேன். தேறிவிட்டோம், பிளாஸ்டர் பற்றிய ஒரு குறிப்போடு.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாப் பனிமூட்டத்தின் ஈரம் கமராக் கண்ணாடிக்குள் புகுந்துவிடுகிறது. விடிகாலைப் பதிவெல்லாம் பால் ஊற்றியது போல. நவம்பர் இறுதியில் டித்வா புயல் பாதைகளை அறுத்து பஸ்கள் நாட்கணக்கில் நின்றபோது, இந்தப் பெட்டிகள் மின்சாரத்தை உறிஞ்சி இரண்டு பட்டரிகளை இறக்கிவிட்டன. பழுது பார்க்கக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். படம் சுமார், வரைபடம் பரவாயில்லை, எச்சரிக்கைக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் தரமாட்டேன். விளம்பரத்தில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒலிப்பதிவுக்கு மட்டும் பத்துக்குப் பத்து.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி, வாங்காதீர்கள் என்று முடித்தேன். காதுக்கும் மனதுக்கும் நிம்மதி இல்லை, காசுக்குக் கேடு என்றேன்.

"அப்படியானால் உங்களிடம் இருப்பதில் ஒன்றைப் பாதி விலைக்குத் தாருங்கள்" என்றார்.

தரமுடியாது என்றுவிட்டேன்.