ஏலத்தில் 100-க்குப் போன பழைய பொருள்: விற்றவர் கைக்கு வருவது எவ்வளவு?

100-க்கு ஏலம் போன பொருளில் விற்றவர் கையில் 70-கூட நிற்காமல் போவது சாதாரணம். ஆன்லைன் ஏலத் தளங்கள் எதையும் மறைப்பதில்லை, கட்டண விதிகள் எழுதித்தான் இருக்கின்றன. ஆனால் அவை பல பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. மீதிச் செலவுகள் தளத்துக்கு வெளியே, பேக்கிங் மேசையிலும் கூரியர் கவுன்டரிலும் வந்து சேர்கின்றன. நெடுநாள் பயன்பாட்டில் எந்தச் செலவு எங்கே முளைக்கிறது, எதைக் குறைக்க முடிகிறது என்பதை இங்கே எழுதுகிறோம். தொகைகள் எந்தப் பணத்துக்கும் பொருந்தும்படி வெறும் எண்ணாகவே இருக்கின்றன.

முதலில் கமிஷன். பலரும் ஏல விலையில் 13 சதவீதம் போகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான வகைகளுக்குக் கமிஷன் 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது ஏல விலைக்கு மட்டும் அல்ல. வாங்குபவர் செலுத்தும் மொத்தத் தொகைக்கும், அதாவது அனுப்பும் செலவுக்கும் விற்பனை வரிக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். ஏல விலை 100, அனுப்பும் செலவு 20, வரி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 129.60. அதில் 13 சதவீதம் 16.85. வரிப்பணம் விற்பவர் கைக்கு வருவதே இல்லை, ஆனாலும் அதற்கும் கமிஷன் உண்டு.

பொருளின் விலை குறையக் குறைய இந்தக் கணக்கு கொடுமையாகிறது. ஏல விலை 10, அனுப்பும் செலவு அதே 20 என்றால் வரியோடு மொத்தம் 32.40, கமிஷன் 4.21. பொருளின் விலையில் 42 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும், விற்ற விலையின் சதவீதமாக இல்லாமல், ஒரு சிறு நிலைக் கட்டணமும் உண்டு. அட்டைப்பெட்டி, டேப், பபுள் ரேப்புக்கு 4 போனால் மிச்சம் 2-ஐத் தொடாது. கனமான, மலிவான பொருளை ஏலத்தில் விடவே கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

கமிஷனே இல்லை என்று அறிவிக்கும் தளங்களிலும் செலவு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிநபர் விற்பனையாளர்களுக்கான கமிஷனை ஈபே ஜெர்மனியில் 2023-லும், பிரிட்டனில் பெரும்பாலான பொருட்களுக்கு 2024-லும் நீக்கியது. பிரிட்டனில் 2025-ல் வாங்குபவரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஏலம் கேட்பவர் தன் சட்டைப்பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்றுதான் பார்ப்பார். அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே கேட்பார். கட்டணம் யார் பெயரில் இருந்தாலும் ஒரு பகுதி விற்பவர் தலையில்தான் விழும்.

அடுத்து விளம்பரக் கட்டணம். பட்டியலை, அதாவது விற்பனைக்குப் போட்ட பதிவை, மேலே காட்ட 5 சதவீதம் என்று ஒப்புக்கொண்டால் அதுவும் பல இடங்களில் மொத்தத் தொகைக்கே கணக்காகும். ஏல விலை 100 என்ற முதல் கணக்கில் 6.48. ஒரே மாதிரி நூறு பட்டியல்கள் இருக்கும் பொருளுக்கு இதில் அர்த்தம் இருக்கிறது. அரிதான உதிரிபாகத்துக்கோ பழைய லென்சுக்கோ தேவையே இல்லை, தேடுகிறவர் எப்படியும் கண்டுபிடிப்பார். குறைந்தபட்ச விற்பனை விலையை மறைத்து வைக்கும் வசதியும் கவனிக்க வேண்டியது. ஈபேயில் பொருள் விற்காவிட்டாலும் அதற்கான கட்டணம் போய்விடும். அந்த விலையையே வெளிப்படையாகத் தொடக்க விலையாக வைத்தால் அதே பாதுகாப்பு செலவில்லாமல் கிடைக்கிறது.

தொடக்க விலை எவ்வளவு?

குறைந்த விலையில் தொடங்கினால் கூட்டம் சேரும், விலை தானே ஏறும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது எப்போது உண்மை என்பது ஏலத்தின் இயக்கத்தில் இருக்கிறது. ஈபே போன்ற தளங்களில் ஒருவர் தன் அதிகபட்சத் தொகையைப் பதிந்து வைக்கிறார், அவர் சார்பில் தளமே படிப்படியாகக் கேட்கிறது. ஒருவர் 150 வரை தரத் தயாராக இருந்து, அடுத்தவர் 60-ல் நின்றுவிட்டால் ஏலம் 60-க்கு ஒரு படி மேலே முடிந்துவிடும். விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள். அந்த இரண்டாவது ஆள் வராவிட்டால் பொருள் தொடக்க விலைக்கே போகும். எனவே தீவிரமாகத் தேடுகிறவர்கள் இருவராவது அந்த வாரத்தில் நிச்சயம் இருப்பார்கள் என்று முடிந்த விற்பனைகளைப் பார்த்து உறுதி செய்தால் மட்டுமே குறைந்த தொடக்க விலை.

மற்ற எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். கைக்கு 50 வர வேண்டும், பேக்கிங் 4, ரிட்டர்ன் நேர்ந்தால் ஈடுகட்ட ஒதுக்குவது 3, அனுப்பும் செலவு 20 அப்படியே வாங்குபவரிடம் வசூல், வரி 8 சதவீதம், கமிஷன் 13 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். வரியையும் சேர்த்தால் கமிஷனின் உண்மையான விகிதம் 14.04 சதவீதம். அனுப்பும் செலவு மீதான கமிஷன் மட்டும் 2.81. ஆக 50, 4, 3, 2.81 எல்லாம் கூட்டினால் 59.81. அதை 0.8596-ஆல் வகுத்தால் 69.58. தொடக்க விலை 70. இந்த விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றினால் அது பயனுள்ள தகவல்: அந்தப் பொருளை நேரில் வந்து எடுத்துச் செல்பவருக்குக் கொடுப்பதே மேல்.

ஏலத்தின் நடுவில் விலை அசையாமல் கிடப்பதைக் கண்டு பதற வேண்டாம். முடிவு நேரம் மாறாத தளங்களில் அனுபவசாலிகள் கடைசி நொடிகளில்தான் கேட்பார்கள். பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கென்ஃபெல்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: முடிவு நேரம் நீளும் ஏலங்களில் கடைசி நேரக் கேட்பு மிகக் குறைவு. ஜப்பானின் யாஹூ ஏலத்தில், கடைசி 5 நிமிடத்தில் விலை உயர்ந்தால் இன்னொரு 5 நிமிடம் நீளும்படி விற்பவர் அமைத்துக்கொள்ளலாம். ஈபேயில் அது இல்லை. பதறி, கேட்பு விழுந்த ஏலத்தை முன்கூட்டியே நிறுத்தினால் அதற்கும் கமிஷன் வசூலிக்க விதி இருக்கிறது.

பெட்டியின் அளவு

நெடுநாள் விற்பனையில் அதிகம் தின்றது எது என்று கேட்டால், தயங்காமல் பெட்டியைத்தான் சொல்வோம். கூரியர் நிறுவனங்கள் தராசு எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கே பணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது சர்வதேச கூரியரில் பரவலான முறை. 40, 30, 30 செ.மீ. பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே 2.5 கிலோ பொருள்தான் இருந்தாலும் அதுதான் கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் 5 செ.மீ. குறைத்து 35, 25, 25 ஆக்கினால் 4.4 கிலோவுக்குள் வந்துவிடுகிறது. கையில் கிடைத்த பெட்டியில் போட்டு அனுப்புவது இலவசம் போலத் தோன்றும், பில்லில் தெரியும். பெட்டியின் உயரத்தைக் குறைக்க நான்கு மூலைகளையும் கத்தியால் கீறி, மடிப்புக் கோட்டை ஸ்கேலால் அழுத்தி மடித்தால் போதும். பொதி புடைத்திருந்தால் புடைப்பின் உச்சியிலிருந்து அளப்பார்கள், அதனால் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.

பட்டியல் போடுவதற்கு முன்பே பொருளைப் பொதிந்து, அளந்து, எடை போட்டுவிட வேண்டும். விற்ற பிறகு அளந்தால், பட்டியலில் 20 என்று எழுதிய அனுப்பும் செலவு கவுன்டரில் 24 ஆவது வழக்கம். அந்த 4 விற்பவருடையது. இந்த 24-ஐயும் முன் சொன்ன கமிஷன் 16.85, விளம்பரம் 6.48, பேக்கிங் 4 ஆகியவற்றையும் வாங்குபவரிடமிருந்து வந்த 120-லிருந்து கழித்தால் 68.67. ஆரம்பத்தில் சொன்ன 70-கூட நிற்காத கணக்கு இது.

எந்தப் பொருளுக்கு எப்படிப் பொதிவது என்பது தனிக் கலை. இசைத்தட்டுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் தட்டைக் கழற்றாமல் அனுப்பினால், வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தக் கனமான தட்டு அச்சையும் பேரிங்கையும் இடித்துக்கொண்டே போகும். தட்டு, ரப்பர் விரிப்பு, ஊசிக் கையின் பின்னுள்ள எதிரெடை, ஊசி பொருத்திய தலை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றிச் சுற்ற வேண்டும். ஊசிக் கையை அதன் தாங்கியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மூடியைக் கீலிலிருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும். உள்பெட்டி ஒன்று, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை, வெளியே இன்னொரு பெட்டி. இப்படிச் செய்தால் வெளிப்பெட்டி 60, 50, 30 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். தராசில் 9 கிலோ, கூரியர் கணக்கில் 18 கிலோ. ஒரு பெட்டியைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உடைந்த மூடிக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்கள். இந்த வகைப் பொருளில் மிச்சம் பிடிக்க வழி ஒன்றே: நேரில் எடுத்துச் செல்லும் நிபந்தனை.

லித்தியம் பேட்டரி தனி விஷயம். கருவிக்குள் இருக்கும் பேட்டரிக்கும் தனியாக அனுப்பும் பேட்டரிக்கும் விதிகள் வேறு. தனி லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. பவர் பேங்க்கும் தனி பேட்டரி என்றே கணக்காகிறது. பொதுவான 'எலக்ட்ரானிக்ஸ்' பெயரில் அனுப்பினால் பொதி நடுவில் நிறுத்தப்படும், செலவு திரும்பாது. பட்டியலிலேயே தரைவழி மட்டும் என்று எழுதிவிடுங்கள்.

திரும்பி வரும் பொருள்

"ரிட்டர்ன் இல்லை" என்று எழுதினால் பாதுகாப்பு என்று நம்புவது தவறு. விவரித்தபடி இல்லை என்று வாங்குபவர் சொன்னால் பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் பணம் திரும்பப் போகும், திருப்பி அனுப்பும் செலவும் விற்பவருடையது. போக 24, வர 24, பேக்கிங் 4, ஆக 52 நஷ்டம். இருபது விற்பனையில் ஒன்று இப்படித் திரும்பினாலும் ஒவ்வொரு விற்பனையிலும் 2.60-ஐ ஒதுக்க வேண்டும். கமிஷனைத் திருப்பித் தந்தாலும் ஆர்டரின் நிலைக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் முன்பே தெரியக்கூடியவை. கைபேசியில் பழைய கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் ஆப்பிளிலும் ஆண்ட்ராய்டிலும் அது பூட்டியபடியே வாங்குபவரிடம் போய்ச் சேரக்கூடும். முதலில் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ரீசெட் செய்து, வரவேற்புத் திரை வரும்வரை காத்திருந்து படம் எடுக்க வேண்டும். பழைய லென்சில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சையும் மங்கலும் தெரியும். ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாபிரம் தகடுகளில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "நன்றாக வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரிதான் அதிகத் தகராறு கொண்டுவருவது. எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று தனித்தனியாக எழுதினால் விலை கொஞ்சம் குறையலாம், ரிட்டர்ன் நிச்சயம் குறையும்.

தளத்தின் ரிட்டர்ன் காலம் முடிந்தாலும் கார்டு வழியாகப் பணத்தை மீட்கும் சார்ஜ்பேக் காலம் முடிவதில்லை. விசாவில் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை வாய்ப்பு உண்டு. தோற்றால் பொருளும் போகும், தகராறுக் கட்டணமும் சேரும். சீரியல் எண் தெரியும் படம், பொதிந்த நிலையில் தராசின் மேல் எடுத்த படம், டிராக்கிங் ரசீது மூன்றையும் அதுவரை அழிக்காதீர்கள். ஈபேயில் 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஆர்டருக்குக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்த சான்று இல்லையென்றால் விற்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

பணம் கட்டாமல் மறைபவர்களும் உண்டு. ஈபே தரும் 4 நாள் அவகாசம் முடிந்ததும் ஆர்டரை ரத்து செய்து, அடுத்த அதிகத் தொகை கேட்டவருக்கு இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம். 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது, எனவே பணம் தராதவர்களைத் தடுக்கும் அமைப்பை முதல் நாளே இயக்கி வைப்பது மட்டுமே வழி.

இத்தனைக்குப் பிறகும் ஏலத்துக்கு ஏற்ற பொருட்கள் இருக்கின்றன: உற்பத்தி நிறுத்தப்பட்ட கேமராக்களின் லென்ஸ், பழைய கருவிகளின் உதிரிபாகங்கள், நாணயம், தபால்தலை, கைக்கடிகாரம். எடை குறைவு, பெட்டி சிறிது, தேடுகிறவர் உலகெங்கும். சந்தை விலை எல்லோருக்கும் தெரிந்த கைபேசி, மடிக்கணினி போன்றவற்றுக்கு நிலையான விலைப் பட்டியலே நல்லது, ஏலம் அவற்றின் விலையைக் கீழேதான் இழுக்கும்.

கணக்கேட்டையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஒரே தளத்தில் ஆண்டுக்கு 30 விற்பனையை எட்டும் அல்லது 2,000 யூரோவைத் தாண்டும் விற்பவரின் விவரம் வரித் துறைக்குத் தளத்தாலேயே அனுப்பப்படுகிறது. அறிக்கையில் போவது விற்ற தொகை, வாங்கிய விலை அதில் இருக்காது. சொந்தப் பொருளை வாங்கிய விலைக்குக் கீழே விற்றதைக் காட்ட பழைய ரசீதுதான் சான்று, எனவே பட்டியல் போடும் அன்றே ரசீதைப் படமெடுத்து, ஏல எண்ணோடு சேர்த்து வைத்துவிட வேண்டும்.